கல்லான மரமும் கற்றளியான கோயிலும்

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், வராக நதி என்றும் சங்கராபரணி என்றும் செஞ்சியாறு என்றும் வழங்கப்பெறும் ஆற்றின் கரையில் அமைந்த சிற்றூர் திருவக்கரை. 1993ஆம் ஆண்டு வரை தென்னார்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்த ஊர் இது. சைவ இலக்கியம் பயில்வார்க்கு இது திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற தொண்டை நாட்டுத் தலம். முழுமதி இரவுகளில் திரண்டு வரும் மக்களுக்கு வக்கிரகாளியம்மன் கோயில் உள்ள ஊர். புவியியல் பயில்வார்க்கோ கல்மரங்கள் கிடக்கும் இடம். கோயிலுக்கு வருவோர் கல்மரப் பூங்காவிற்குச் செல்வது அரிது. பூங்காவைக் காண வருவோர் கோயிலில் கல்வெட்டு உண்டா என்று கேட்பதும் அரிது. இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். இரண்டையும் ஒருங்கே வைத்து நோக்கினாலன்றி இவ்வூரின் அருமை முழுதும் விளங்காது என்பது எம் கருத்து. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்மரங்கள்

ஊருக்குக் கிழக்கே அமைந்துள்ள தேசியக் கல்மரப் பூங்காவை இந்தியப் புவியியல் ஆய்வு மையம் பேணி வருகிறது. ஒன்பது பகுதிகளாகப் பிரிந்து கிடக்கும் இதன் பரப்பு 247 ஏக்கர். அதில் ஒரு சிறு பகுதியே பார்வையாளர்க்குத் திறந்து விடப்பட்டுள்ளது. இங்கே ஏறத்தாழ 200 கல்மரங்கள் உள்ளன. அவற்றின் நீளம் 3 மீட்டர் முதல் 15 மீட்டர் வரை. செம்மண் மேட்டில், முட்புதர்களுக்கிடையே, பாதி மண்ணுள் புதைந்தும் பாதி வெளியே தெரிந்தும் அவை படுத்துக் கிடக்கின்றன.

தொலைவிலிருந்து நோக்குவார்க்கு, யாரோ வெட்டிப் போட்டு எடுத்துச் செல்ல மறந்த அடிமரங்களாகவே இவை தோன்றும். அணுகிச் சென்றாலும் ஐயம் நீங்காது, மிகும். மரத்தின் நெடுவரிகள் அப்படியே உள்ளன. கணு இருந்த இடம் தெரிகிறது. வெட்டுவாயில் வளையங்கள் ஒன்றனுள் ஒன்றாக அமைந்திருக்கின்றன. நிறமும் மரத்தின் நிறமே. ஆனால் உச்சிவெயிலில் கையை வைத்தால் கல் சுடுவது போலச் சுடும். கத்தியால் கீறினால் கத்திதான் மழுங்கும். அதன் கூரிய சில்லு கண்ணாடியையும் கீற வல்லது. கண் மரம் என்கிறது. கை கல் என்கிறது.

மரம் கல்லான வகை

இது நிகழ்ந்த முறையை அறிஞர்கள் தெளிவுபடுத்தியுள்ளனர். நிலத்தின்மேல் விழுந்த மரம் மட்கிப் போவதே இயற்கை. காற்றும் ஈரமும் நுண்ணுயிர்களும் கூடி அதனைச் சில ஆண்டுகளில் மண்ணாக்கிவிடும். ஆற்று வெள்ளம் கொணர்ந்த மணலும் சேறும் மரத்தை விரைந்து மூடிவிட்டாலோ, காற்றுப் புகாமையால் மட்குதல் தடைப்படும். அப்போது நிலத்தடி நீர் தன் வேலையைத் தொடங்குகிறது. அந்நீரில் மணலின் மூலப்பொருளாகிய சிலிக்கா கரைந்திருக்கும். மரத்தின் உயிரணுக்களில் உள்ள நுண்ணறைகளுக்குள் நீர் ஊறிச் செல்லும்போது சிலிக்கா சிறிது சிறிதாகப் படிகிறது. முதலில் அறைகள் நிரம்புகின்றன. பின்னர் அறைச்சுவர்களும் கல்லாகின்றன. மரப்பொருள் மெல்ல நீங்க, அதன் இடத்தைக் கற்பொருள் கொள்கிறது. பொருள் மாறினும் வடிவம் மாறுவதில்லை. நீரில் இரும்புச் சத்து கலந்திருப்பின் சிவப்பும் பழுப்பும் மஞ்சளும் ஆகிய நிறங்கள் ஏறுகின்றன.

இவ்வாறு கல்லானதன் ஒரு துண்டை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிதாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால், உயிருள்ள மரத்தில் காண்பது போன்றே உயிரணுக்களின் அடுக்கு தெரியும். அதனைக் கொண்டு அது எக்குடும்பத்து மரம் என்றும் சொல்ல இயலும்.

திருவக்கரைக் கல்மரங்கள் புதைந்துள்ள பாறையைக் கடலூர் மணற்கல் என்பர். அம்மரங்களின் அகவை ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் எனக் கணித்துள்ளனர். அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியின் பாறைகளோடு ஒப்பிட்டால் இது இளமையே. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று கிடக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த அறிஞர் எம்.எசு. கிருட்டிணன் 1940இல் அதனை உலகுக்கு அறிவித்தார். அது டைனோசர்கள் வாழ்ந்த ஊழியைச் சேர்ந்தது. திருவக்கரை மரங்கள் அவ்விலங்குகள் மறைந்து நெடுங்காலம் சென்ற பின்னர்த் தழைத்தவை.

இம்மரங்கள் இங்கேயே முளைத்து இங்கேயே விழுந்தனவா என்ற வினா எழலாம். அவ்வாறில்லை என்பதற்கு மரங்களே சான்று. எந்த மரத்திலும் வேர் இல்லை, கிளை இல்லை, இலையில்லை, பட்டையும் இல்லை. நின்ற நிலையில் ஒன்றுகூட இல்லை. வேறிடத்தில் வளர்ந்து, பெருவெள்ளத்தில் வேரோடு சாய்ந்து, நெடுந்தொலைவு உருண்டு வந்து, வரும் வழியில் கிளையும் வேரும் ஒடிந்து, பட்டையும் உரிந்து, இங்கே மணலில் ஒதுங்கியவை இவை. பெருமழையின் பின் ஆற்றுப்பாலத் தூண்களில் மோதி நிற்கும் மரங்களைக் கண்டவர்க்கு இதனை விளக்கிக் கூற வேண்டியதில்லை.

அகக்காழும் புறக்காழும்

தமிழ் பயில்வார் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தொல்காப்பிய மரபியல், உள்ளே வயிரம் உடையவற்றை மரம் என்றும் வெளியே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் பகுக்கிறது. உள்வயிரம் அகக்காழ்; வெளிவயிரம் புறக்காழ். அவ்வகையில் பனையும் தெங்கும் மூங்கிலும் மரமாகா, புல்லாகும். வகுப்பில் இதனைக் கேட்கும் மாணவர் சிலர் நகைப்பதுண்டு. பனை எப்படிப் புல்லாகும் என்பர். கடலூர் மணற்கல்லில் பனையினத்துத் தண்டுகளும் கல்லாகிக் கிடைத்துள்ளன. அவற்றின் வெட்டுவாயில் வளையங்கள் இரா. புள்ளிகள் சிதறிக் கிடக்கும். அப்புள்ளிகள் வெளிப்புறத்தில் நெருங்கியிருக்கும். மற்ற மரத்தின் வெட்டுவாயிலோ வளையமும் நடுவயிரமும் தெரியும். தாவரவியலார் இன்று ஒருவிதையிலை, இருவிதையிலை எனப் பிரிக்கும் பிரிவின் ஒரு கூறு, நுண்ணோக்கி இல்லாக் காலத்தில் கோடரி வெட்டின் முகத்தைப் பார்த்தே தமிழர்க்குப் புலப்பட்டிருக்கிறது. இரண்டு பகுப்பும் முற்றும் ஒன்றே என யாம் கூறவில்லை. ஆயினும் நோக்கிய கண் ஒன்றே.

திருவக்கரை மரங்களுள் புளியமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவை உண்டு. ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை உண்டு. ஊசியிலை மர வகுப்பைச் சேர்ந்தனவும் உண்டு. இன்று தென்னிந்தியாவில் இயல்பாக வளரும் ஊசியிலை வகுப்பு மரம் ஒன்றே ஒன்றுதான். அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில் மறைந்து வாழ்கிறது. அங்குள்ள பசுமை மாறாக் காட்டு மரங்களின் உறவினமும் இக்கடலூர் மணற்கல்லில் கல்லாகக் கிடைத்துள்ளது. முட்புதரும் பனையும் நிற்கும் இவ்வறண்ட நிலத்திற்கு வந்த ஆறு, ஒரு காலத்தில் பெருமழைக் காட்டின் ஊடே ஓடி வந்தது என்பது இதனாற் பெறப்படும்.

அசுரனின் எலும்பு

நுண்ணோக்கி வருமுன்னரே இக்கற்களுக்கு ஊரார் ஒரு விளக்கம் கொண்டிருந்தனர். வக்கிராசுரன் என்னும் அசுரன் சிவபெருமானை நோக்கித் தவமிருந்து வரம் பெற்று, அவ்வலிமையால் உலகை வருத்தினான். திருமால் அவனை அழித்தார். அவன் தங்கை துன்முகியைக் காளி அழித்தாள். அசுரனின் எலும்புகளே இக்கற்கள் என்பது ஊர் வழக்கு. இக்கதைக்கேற்பவே சிவன் கோயிலின் உள்ளேயே வரதராசப் பெருமாளுக்கும் சன்னதி அமைந்துள்ளது. காளிக்கு வாயிலருகே தனிக்கோயில் உண்டு.

இதனை அறியாமை என்று ஒதுக்குவார் உளர். யாம் அவ்வாறு கருதவில்லை. திருவக்கரையைச் சுற்றிப் பாறைக்குக் குறைவில்லை. ஆயிரம் கற்களுக்கு நடுவே இக்கற்கள் மட்டும் வேறு என்றும், இவை ஒரு காலத்தில் உயிரோடு இருந்தவற்றின் உடல் என்றும் பெயரறியா மக்கள் கண்டறிந்திருக்கின்றனர். உயிர் என்றது சரி. உடல் என்றதும் சரி. இறந்தபின் கல்லானது என்றதும் சரி. எவ்வுயிர் என்பதில்தான் கதை புகுந்தது. நீண்டு, உருண்டு, முனை பருத்துக் கிடப்பதை எலும்பென்று கொண்டது இயல்பே. கதை செய்த மற்றொரு நன்மையும் உண்டு. அசுரனின் எலும்பை எடுத்துச் சென்று வீட்டுக்குப் படிக்கல்லாக இட எவர்க்கும் மனம் வராது. நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமம் தொல்கடல் உயிரின் கல்லுருவே. அதனைத் திருமாலின் வடிவாகப் போற்றியமையால் பூசையறையில் பேணி வந்தனர். இங்கே அச்சம் காத்தது. அங்கே அன்பு காத்தது.

செங்கல் கல்லானது

இனிக் கோயிலுக்கு வருவோம். இங்குள்ள இறைவனுக்குச் சந்திரமௌலீசுவரர் என்பது பெயர். மூன்று முகங்கள் அமைந்த இலிங்கம் இத்தலத்தின் சிறப்பு. சம்பந்தர் பாடியது ஏழாம் நூற்றாண்டில். இன்று நிற்கும் கற்றளி எழுந்ததோ, முதலாம் இராசராசனின் 16ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1001இல். எடுப்பித்தவர் செம்பியன் மாதேவியார். கண்டராதித்த சோழரின் தேவியார், உத்தம சோழரின் தாயார், இராசராசனுக்குப் பாட்டி முறை ஆவார். கணவரை இழந்தபின் நெடுங்காலம் வாழ்ந்து, சோழ நாட்டிலும் அதன் புறத்தும் இருந்த பழங்கோயில்கள் பலவற்றைக் கல்லால் மாற்றிக் கட்டிய பெருமாட்டி. அத்திருப்பணிகளின் வரிசையில் திருவக்கரை பிற்பட்டது.

சம்பந்தர் காலத்துக் கோயில்களுள் மிகப்பல செங்கல்லாலும் மரத்தாலும் ஆனவை. மழையும் ஆலமர வேரும் அவற்றைத் தின்றுகொண்டிருந்தன. செம்பியன் மாதேவியார் செய்தது என்ன? அதே இடத்தில், அதே இறைவனுக்கு, செங்கல்லை நீக்கிக் கல்லை வைத்தார். பொருள் மாறியது, கோயில் மாறவில்லை. இது மட்டுமன்று. கும்பகோணம் வட்டாரத்துத் திருக்கோடிகாவில் அவர் கற்றளி எடுத்தபோது, அங்கே தனிக்கற்களில் கிடந்த பல்லவர் காலத்துப் பழைய ஆவணங்களை வீசி எறியவில்லை. அவற்றைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டுவித்தார். இத்தகைய படிகளைப் பழங்கற்படி என்று கல்வெட்டு குறிக்கிறது. பழைய கல் போயிற்று; அதில் இருந்த சொல் போகவில்லை.

ஒரு கிலோமீட்டர் தொலைவில் இயற்கை செய்து வைத்திருப்பதும் இதுவே அன்றோ! மரம் போயிற்று, அதன் வளையமும் வரியும் உயிரணுவும் எழுத்துக்கு எழுத்து கல்லில் படியெடுக்கப்பட்டன. கல்மரத்திற்குத் தமிழில் இன்னொரு பெயர் இட வேண்டுமாயின், பழங்கற்படி என்பதனினும் பொருந்தும் பெயர் எமக்குத் தோன்றவில்லை.

சமகாலத்து இரு பேரறிஞர்

இக்கற்றளி எழுந்த 1001ஆம் ஆண்டில், தொலைவில் இரண்டு இளைஞர்கள் வாழ்ந்துகொண்டிருந்தனர். ஒருவர் 980இல் பிறந்த இப்னு சீனா; மற்றவர் 973இல் பிறந்த அல்பிரூனி. இருவருமே பின்னாளில் கல்லைப் பற்றி எழுதினர். இப்னு சீனா தம் பேரேடாகிய கிதாபுஷ் ஷிஃபாவில், மலைகள் தோன்றும் வகையையும், விலங்கும் தாவரமும் கல்லாக மாறுவதையும் ஆராய்ந்தார். சில நிலங்களில் கல்லாக்கும் ஆற்றல் உண்டு என்றும், அது நீரோடு சேர்ந்து உயிர்ப்பொருளைக் கல்லாக்குகிறது என்றும் அவர் கருதினார். சிலிக்கா என்ற பெயரை அவர் அறியார். நீரின் வழியே இது நிகழ்கிறது என்பதை அறிந்திருந்தார்.

அல்பிரூனி ஏறத்தாழ 1030இல் நிறைவு செய்த இந்தியா பற்றிய நூலில் வேறொன்றைக் கண்டு சொன்னார். மலையருகே ஆறு வேகமாக ஓடும் இடத்தில் பெரிய உருண்டைக் கற்களும், மலையை விட்டு நீங்க நீங்கச் சிறிய கற்களும், ஆறு தளர்ந்து கடலை அணுகும் இடத்தில் மணலும் காணப்படுவதை நோக்கினார். இச்சமவெளி ஒரு காலத்தில் கடலாக இருந்து ஆறுகளின் வண்டலால் தூர்ந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். அவர் கண்டு எழுதியது வட இந்தியச் சமவெளியை; தென்னாட்டுக்கு அவர் வந்ததில்லை. ஆயினும் பட்டை உரிந்த மரத்தைப் பார்த்து, இது ஆற்றில் உருண்டு வந்தது என்று இன்றைய அறிஞர் சொல்வதும், கல்லின் உருட்சியைப் பார்த்து ஆற்றின் வேகத்தை அவர் சொன்னதும் ஒரே வகை அறிவுதான். இதனை இங்கே எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. அறிவியல் என்பது ஐரோப்பியர் கொணர்ந்தது, நம்மவர்க்குக் கதைகளே உரியன என்ற எண்ணம் மாணவரிடையே வேரூன்றிக் கிடக்கிறது.

ஐரோப்பியர் கண்டது

ஐரோப்பியர் பங்கையும் குறைத்துக் கூறலாகாது. புதுச்சேரிக்கு வந்திருந்த பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் சொன்னரா 1781இல் இக்கல்மரங்களைக் குறித்தார். அடுத்து வந்த ஜான் வாரன் என்பவர், ‘ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ என்னும் ஆய்விதழின் 11ஆம் தொகுதியில், 1810இல், இவ்வூர்க் கல்மரங்களைப் பற்றித் தனிக்கட்டுரையே எழுதினார். ஊர்ப்பெயர் அவர் கையில் ‘திரிவிகேரா’ ஆகிவிட்டது, அதனைப் பொறுத்துக்கொள்ளலாம். இவர் சென்னை வானாய்வு நிலையத்தில் பணிபுரிந்தவர். தென்னாட்டு மக்கள் காலத்தைக் கணிக்கும் முறைகளைத் திரட்டி 1825இல் ‘காலசங்கலிதம்’ என்னும் பெருநூலை வெளியிட்டவரும் இவரே. புதுச்சேரியில் வாழ்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணியர் ஒருவர், தாளும் எழுதுகோலும் இன்றி, சோழிகளைத் தரையில் பரப்பியே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அந்நூலில் வியந்து பதிவு செய்துள்ளார். கல்லில் உறைந்த காலத்தையும் சோழியில் எண்ணிய காலத்தையும் ஒருவரே தேடிச் சென்றிருக்கிறார். அக்கணியரின் பெயரையும் அவர் எழுதி வைத்திருக்கிறார்.

ஒரு சில்லு

எம் துறை மாணவரோடு இவ்வூருக்குச் சென்றிருந்தபோது மாணவி ஒருவர் ஒரு வினா எழுப்பினார். இத்தனை மரங்கள் கிடக்கின்றன. விரலளவு சில்லு ஒன்றை எடுத்துச் சென்று துறையின் காட்சிப் பேழையில் வைத்தால், இங்கு வர இயலாத மாணவர்க்குப் பயன்படுமே என்றார். நல்லெண்ணத்தில் எழுந்த வினா அது. பூங்காவின் எப்பொருளையும் எடுத்தல் கூடாது என்ற விதியைச் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் விதிக்குப் பின்னுள்ள காரணத்தை அறிந்தாலே விதி நிற்கும்.

கோயில் சுவரிலிருந்து கல்வெட்டின் ஒரு துண்டைப் பெயர்த்து, ‘கொடுத்த’ என்ற ஒரு சொல் மட்டும் உள்ள பகுதியைப் பேழையில் வைத்தால் என்ன தெரியும்? யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார், எதைக் கொடுத்தார் என்பன தெரியா. அச்சொல் இருந்த இடத்தில் சுவரில் ஒரு குழியும் இருக்கும். அதன்பின் அச்சுவரின் ஆவணத்தையும் முழுமையாகப் படிக்க இயலாது. கல்மரமும் அவ்வாறே. அது எந்தப் படுகையில் கிடந்தது, எத்திசை நோக்கிக் கிடந்தது, உடன் எவை கிடந்தன என்பவற்றைக் கொண்டே பழைய ஆற்றின் போக்கை உய்த்துணர முடியும். இடம் பெயர்ந்த சில்லு அழகான கல், அவ்வளவே. ஆண்டுக்கு ஆயிரம் பேர் வந்து ஆளுக்கொரு விரலளவு எடுத்தால் ஒரு மரம் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை மாணவரே கணக்கிட்டுச் சொன்னார்கள். மெருகேற்றிய கல்மரத் துண்டுக்கு அழகுப் பொருள் சந்தையில் விலை இருப்பதும் எண்ணத்தக்கது.

அசுரனின் எலும்பு என்ற அச்சம் இன்று எவரையும் தடுப்பதில்லை. கதையின் காவல் நீங்கிய இடத்தில் கல்வியின் காவல் இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. பூங்காவுக்கு வேலி உண்டு, காவலர் உண்டு. வேலிக்கு அப்பால் இப்பகுதியெங்கும் கல்லுடைக்கும் தொழில் பெருகியிருக்கிறது. பாறைக்கு வெடி வைக்கும் ஓசை கேட்கும் ஊர்கள் இவை. அத்தொழிலை நம்பி வாழ்வோர் பலர் என்பதையும் மறத்தல் ஆகாது. ஆனால் அவர்தம் பிள்ளைகள் பயிலும் பள்ளிகளில், காலடியில் கிடப்பது 2 கோடி ஆண்டுப் பழமையது என்பது பாடமாக நுழைந்தால், வேலியால் ஆகாதது அதனால் ஆகும். கோயில்களின் நிலையும் இதனின் வேறன்று. திருப்பணி என்ற பெயரால் சுவரின்மேல் மணலை விசையோடு பீய்ச்சித் தூய்மை செய்ததில் பல கோயில்களின் கல்வெட்டெழுத்துகள் தேய்ந்து போயின. ஆயிரம் ஆண்டு மழை அழிக்காததை ஒரு நாள் வேலை அழித்தது.

திருவக்கரைக்குச் செல்ல விரும்பும் மாணவர், திண்டிவனத்திலிருந்து மயிலம் வழியாகப் புதுச்சேரி செல்லும் சாலையில் பெரும்பாக்கத்தில் திரும்பி ஊரை அடையலாம். முழுமதி நாளில் கூட்டம் மிகுதி. படிப்பதற்குச் செல்வோர் வேறு நாளைத் தெரிந்துகொள்க. காலையிலே கோயிலுக்குச் சென்றால் சாய்ந்து விழும் வெயிலில் சுவரெழுத்து நிழலோடு எடுப்பாகத் தெரியும்; பிற்பகலில் பூங்காவுக்குச் செல்லலாம். அங்கே வழவழப்பான முழு மரங்களின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், குறுக்கே உடைந்து வெட்டுவாய் தெரியக் கிடக்கும் ஒரு மரத்தின் அருகே அமர்ந்து, நடுவயிரத்திலிருந்து வெளிநோக்கி வளையங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். சில இடங்களில் வளையம் நெருங்கியும் சில இடங்களில் அகன்றும் இருந்தால், அவற்றைக் குறித்துக்கொண்டு வந்து எம்மிடம் காட்டுக.